கடாரமும் கடைமடையும்

போன வெள்ளிக்கிழமை ஆபீஸ் கேன்டீன்ல ஒரு பெரிய யுத்தம். ஆயுதம், ஆளுக்கொரு போனும் அதுல ஆளுக்கொரு இந்திய வரைபடமும். டீ ஆறிப்போய் ஆடை கட்டுற வரைக்கும் நடந்தது.

பாட்னாக்கார நண்பர் அசோகர் மேப்பைக் காட்டினார். காபூல்ல ஆரம்பிச்சு மைசூர் வரைக்கும் ஒரே கலர். புனேக்காரர் விடுவாரா? 1758ல மராட்டியப் படை அட்டோக் வரைக்கும் போச்சு, தெற்கே தஞ்சாவூர்லயே எங்க ஆள் உட்கார்ந்திருந்தார்னு இன்னொரு மேப். தார்வாட்காரர் சத்தமே போடாம சாளுக்கியர், ராஷ்டிரகூடர்னு ரெண்டு மேப்பை அடுத்தடுத்து தள்ளிவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? சேத்தியாத்தோப்புக்காரன். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு பைக்ல ஒரு மணி நேர தூரத்துல பிறந்தவன். கங்கை, ஈழம், கடாரம், சுமத்ரான்னு கடலையும் சேர்த்துச் சிவப்படிச்ச அந்த மேப்பை எடுத்து டேபிள் மேல வெச்சேன். "உங்க ராஜா எல்லாம் கரையோட நின்னுட்டாங்க பாஸ், எங்க ஆளு கப்பல் ஏறினான்"னு ஒரு டயலாக் வேற. கைதட்டல் வரும்னு பார்த்தா தார்வாட்காரர் அமைதியா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சுமத்ராவுல உங்க ராஜாவுக்கு யார் வரி கட்டினா?"

எனக்குப் பதில் தெரியலை. அதைவிட மோசம், அப்படி ஒரு கேள்வி இருக்குன்னே அதுவரைக்கும் தோணலை. அந்த சனி, ஞாயிறு ஊருக்குப் போனப்போ புத்தகமும் கையுமா உட்கார்ந்துட்டேன். அதோட விளைவுதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

முதல்ல மேப்பையே பார்ப்போம். இந்த மேப் எல்லாத்துலயும் ஒரு கோளாறு உண்டு. ஒரே கலர் அடிச்சா, ராஜ்ஜியத்தோட எல்லா மூலையிலயும் ராஜாவோட அதிகாரம் ஒரே அளவுல இருந்த மாதிரி ஒரு தோற்றம் வந்துடுது. இன்னிக்கு தாலுகா ஆபீஸ் சேத்தியாத்தோப்புக்காரனையும் ஓசூர்க்காரனையும் ஒரே மாதிரி அலைய விடுதே, அந்த மாதிரி. பழைய ராஜ்ஜியம் எதுவும் அப்படி இயங்கலை. அசோகர் மேப்பையே எடுத்துக்குங்க. அவர் கல்வெட்டு கிடைச்ச இடங்களையெல்லாம் கோடு போட்டு இணைச்சு உள்ளே கலர் அடிச்சதுதான் அது. நடுவுல இருந்த காடுகளுக்கும் காட்டு மக்களுக்கும் அந்த ஆட்சி எவ்வளவு தூரம் எட்டுச்சுங்கிறது இன்னமும் விவாதம்தான். சோழர், பாண்டியர் எல்லாம் தன் எல்லைக்கு வெளியே இருக்கிறவங்கன்னு அவர் கல்வெட்டே சொல்லிடுது, அது வேற விஷயம் (பாட்னாக்காரர்கிட்ட இதை மட்டும் அன்னிக்கே சொல்லிட்டேன், ஹி ஹி).

இப்போ நம்ம மேப். சோழ ராஜ்ஜியம் எவ்வளவு தூரம் நீண்டுதுங்கிறது என் கேன்டீன் சண்டை மட்டும் இல்லை, பெரிய வரலாற்றாசிரியர்களே பல வருஷம் அடிச்சுக்கிட்ட விஷயம். 1930களில் நீலகண்ட சாஸ்திரி சோழர் வரலாற்றை எழுதினப்போ, மேலிருந்து கீழ் வரைக்கும் அதிகாரிகள் நிறைஞ்ச ஒரு வலுவான மைய அரசாத்தான் அதைக் காட்டினார். 1980ல பர்ட்டன் ஸ்டெயின்னு ஒரு அமெரிக்கர் வந்து மொத்தத்தையும் கவுத்தார். காவிரிக் கரைக்கு வெளியே சோழனோட அதிகாரம் பெரும்பாலும் சடங்கு மரியாதைதான், நிஜமான அதிகாரம் அந்தந்த நாட்டார் கையிலதான்னு சொன்னார். அப்புறம் நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகள்ல வர்ற வரிப் பெயர்களையும் அதிகாரிகள் பெயர்களையும் ஆயிரக்கணக்குல எண்ணி, எந்த வட்டாரத்துல எப்போ எது வருதுன்னு கணக்கெடுத்தாங்க. ராஜராஜன் காலத்துலேர்ந்து மைய அரசோட பிடி இறுகுனது கண்கூடாத் தெரியுது, ஆனா எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி இல்லை. இந்த எண்ணிப் பார்க்கிற வழி எனக்குப் பிடிச்சிருக்கு. டேட்டா இருந்தா பேசு, இல்லைன்னா டீ குடி.

அந்தக் கண்ணோட்டத்துல நம்ம சிவப்பு மேப்பை மூணு கலரா பிரிச்சுப் பார்த்தேன். நம்ம தொழில் பாஷையிலயே சொல்றேன்.

முதல் கலர், அட்மின் பாஸ்வேர்ட் இருந்த இடம். காவிரிப் படுகை, தொண்டை நாடு. 1000ஆம் ஆண்டை ஒட்டி ராஜராஜன் நிலத்தை அளக்க வெச்சான். எந்த ஊர்ல எவ்வளவு நிலம், அதுல கோயில், குளம், சுடுகாடு, வாய்க்கால் போக வரி கட்டுற நிலம் எவ்வளவுன்னு கணக்கு இருந்தது. பழைய நாடுகளைச் சேர்த்து வளநாடுன்னு புதுசா பிரிச்சு, அதுக்கெல்லாம் தன் பட்டப்பெயர்களையே வெச்சான். இதுதான் ஆட்சி. யார் வரி கட்டினாங்கிற கேள்விக்கு இங்கே பதில் உண்டு.

ரெண்டாவது, நம்ம ஆளை உட்கார வெச்சு நடத்தின இடம். பாண்டிய நாடு ராஜராஜப் பாண்டி மண்டலமாச்சு, கங்கபாடி முடிகொண்ட சோழ மண்டலமாச்சு, ஈழம் மும்முடிச் சோழ மண்டலமாச்சு. மதுரையில சோழ இளவரசர்கள் சோழ-பாண்டியன்னு பட்டம் கட்டி உட்கார்ந்தாங்க. வேங்கியில பொண்ணு கொடுத்து, பேரன் மூலமா பிடிச்சு வெச்சிருந்தாங்க. ஆனா இதெல்லாம் கையை எடுத்தா நழுவுற பிடி. 1070ல விஜயபாகு ஈழத்தை மீட்டுட்டான். 1116 வாக்குல ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைப் பிடிச்சதோட கங்கபாடி போச்சு.

மூணாவது, ஒரு தடவை லாகின் பண்ணி ஃபைலை எடுத்துக்கிட்டு வந்த இடம். கங்கையும் கடாரமும் இதுலதான் வருது. 1022, 1023 வாக்குல வடக்கே போன படை, வங்காளத்துல கோவிந்தசந்திரன், மகிபாலன்னு பலரை ஜெயிச்சுது, கங்கை தண்ணியோட திரும்புச்சு. அங்கே யாரையும் ஆட்சியில உட்கார வைக்கலை. 1025ல கப்பல்ல போன படை, கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடிச்சுது, அவன் யானைகளையும் வித்யாதர தோரணத்தையும் கொண்டுவந்துது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலாமுரிதேசம், மாநக்கவாரம்னு மெய்க்கீர்த்தியில வரிசையா ஊர்ப் பெயர்கள் வருது. ஆனா அந்த ஊர்கள்ல நிலம் அளந்ததாவோ, வரி வசூல் பண்ணினதாவோ ஒரு கல்வெட்டும் கிடைக்கலை.

தார்வாட்காரர் ஜெயிச்சுட்டார். ஒத்துக்கிட்டுதான் ஆகணும்.

இதைச் சொன்னதும் 'அப்போ கடாரம் கொண்டது பொய்யா?'ன்னு நம்ம ஆளுங்க சண்டைக்கு வருவாங்க. பொய் இல்லை. வங்காள விரிகுடாவைத் தாண்டி ஒரு கப்பற்படையை அனுப்பி, ஜெயிச்சு, திரும்பக் கொண்டுவர்றது அந்தக் காலத்துல சாதாரண வேலை கிடையாது. ஆனா சாதனை வேற, ஆட்சி வேற. எவரெஸ்ட்ல கொடி நட்டுட்டு வந்தவன் அங்கே பட்டா கேட்க முடியாது.

சொல்லப்போனா, கடல் தாண்டி நிஜமாவே தங்கினது படை இல்லை, வியாபாரிங்க. சுமத்ராவுல பாரூஸ் பக்கத்துல 1088ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒண்ணு கிடைச்சிருக்கு. வெட்டினது ராஜா இல்லை, ஐந்நூற்றுவர்ங்கிற வணிகர் குழு. அதைவிட ஆச்சரியம், சீனாவுல சுவான்சோ துறைமுகத்துல இருக்கிற தமிழ்க் கல்வெட்டு. அங்கே ஒரு சிவன் கோயில் எடுத்ததைச் சொல்லுது. வருஷம் 1281. கடைசி சோழன் மூன்றாம் ராஜேந்திரன் பெயர் கல்வெட்டுகள்ல கடைசியா வர்றது 1279. அதாவது கொடி இறங்கி ரெண்டு வருஷம் கழிச்சும் கடை திறந்திருக்கு!

இன்னொரு விஷயத்தையும் பேசாம விட்டா நியாயம் இல்லை. நாம மேப்ல சிவப்படிக்கிற இடத்துல ஏற்கெனவே ஆளுங்க இருந்தாங்க. அவங்களும் எழுதி வெச்சிருக்காங்க. பழைய தார்வாட் மாவட்டத்து ஹொட்டூர்ல 1007ஆம் வருஷத்துச் சாளுக்கியக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. ஒன்பது லட்சம் பேரோட வந்த சோழப்படை நாட்டைச் சூறையாடுச்சு, பெண்களையும் குழந்தைகளையும் அந்தணர்களையும் கொன்னுச்சுன்னு சொல்லுது. எதிரி எழுதினது, எண்ணிக்கையைக் கொஞ்சம் ஊதியிருப்பான்னு வெச்சுக்கலாம். ஆனா தாராசுரத்துல இருந்த சாளுக்கிய துவாரபாலகர் சிலையில, கல்யாணபுரத்தை அழிச்சுக் கொண்டுவந்ததுன்னு நாமளே பெருமையா வெட்டி வெச்சிருக்கோமே, அதுக்கு என்ன சொல்றது? ஈழத்துல விகாரைகளைச் சோழர் கொள்ளையடிச்சதை சிங்கள வரலாற்று நூல் இன்னும் கோபமாத்தான் சொல்லுது. நமக்கு வெற்றிச் சின்னம், அவங்களுக்குத் திருட்டுப் போன சாமான். நான் போட்ட டயலாக்கை நினைச்சா இப்போ கொஞ்சம் கூச்சமா இருக்கு.

சரி, எல்லை சுருங்கிடுச்சு, பெருமையிலயும் பாதி போச்சு. மிச்சம் என்ன?

இந்தக் கேள்வியோட ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தேன். அப்பா வயல்லேர்ந்து வந்தார். என்னடா படிக்கிறன்னார். ராஜேந்திரன் கடாரம் போனது, ஆட்சி பண்ணினானா இல்லையான்னு எல்லாம் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, காலைக் கழுவிக்கிட்டே சொன்னார்:

"அவன் கடாரத்துக்குப் போனது இருக்கட்டும்டா. நம்ம கடைமடைக்குத் தண்ணி போச்சான்னு லஸ்கர்கிட்ட கேட்டுட்டு வா."

சிரிச்சுக்கிட்டேதான் பைக்கை எடுத்தேன். ஏரிக்கரை மேல ஏறினதும் சிரிப்பு நின்னுடுச்சு. நான் ரெண்டு நாளா தேடினது அங்கே கண்ணு முன்னாடி பதினாலு கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது. வீராணம்.

வீராணம்னா வீரநாராயணன் ஏரி. முதலாம் பராந்தகனோட பட்டப்பெயர் அது. 907ல பட்டத்துக்கு வந்தவன். காட்டுமன்னார்கோயிலுக்கும் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம்னு அவன் பெயர்தான். பொன்னியின் செல்வன் படிச்சவங்களுக்குச் சொல்லவே வேணாம், கதையே இந்த ஏரிக்கரையிலதான் ஆரம்பிக்குது.

அந்தப் பராந்தகனோட மேப் என்ன ஆச்சு தெரியுமா? மதுரையைப் பிடிச்சான், 'மதுரை கொண்ட'ன்னு பட்டம் வெச்சுக்கிட்டான். அப்புறம் 'மதுரையும் ஈழமும் கொண்ட'ன்னு நீட்டினான். 949ல தக்கோலத்துல ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் கூட நடந்த சண்டையில அவன் மூத்த மகன் ராஜாதித்தன் யானை மேலயே செத்தான். தொண்டை நாடு கையை விட்டுப் போச்சு. கிருஷ்ணன் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட'ன்னு போட்டுக்கிட்டான், அந்தப் பட்டத்தோட அவன் கல்வெட்டுகள் நம்ம தென்னாற்காட்டுக் கோயில்கள்லயே இருக்கு. பராந்தகன் காலத்துலயே பெரிசான மேப், அவன் கண்ணு முன்னாடியே பாதியாச்சு. மறுபடி ராஜராஜன் வர்றதுக்கு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

ராஜாதித்தன் அந்தப் போருக்கு முன்னாடி திருநாவலூர் பக்கம் படையோட தங்கியிருந்தப்போ, சும்மா இருந்த வீரர்களை வெச்சுத்தான் வீராணத்தை வெட்டினான்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. செவிவழிச் செய்திதான். ஆனா அதுல ஒரு நியாயம் இருக்கு. அந்தப் படை ஜெயிச்சு வெச்ச நிலம் எதுவும் நிலைக்கலை, அந்தப் படை தோண்டினதா ஊர் நம்புற பள்ளம் நிலைச்சுடுச்சு.

ஏரி தானா ஆயிரம் வருஷம் நிக்காது. யாராவது வண்டல் எடுக்கணும், கரை கட்டணும், மதகு பார்க்கணும். அதுக்கும் இதே பராந்தகன் காலத்துல ஏற்பாடு இருந்திருக்கு. 919, 921ஆம் வருஷத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள்ல குடவோலை முறையில வாரியத்துக்கு ஆள் எடுக்கிற விதி இருக்கு இல்லையா, அதுல ஏரி வாரியம்னே தனியா ஒண்ணு வருது. ஆறு பேர், 360 நாள் பதவி. கணக்கு காட்டாதவனும் அவன் சொந்தக்காரங்களும் மறுபடி வர முடியாது. (உடனே ஜனநாயகத்தைக் கண்டுபிடிச்சதே நாமதான்னு குதிக்காதீங்க. அது பிராமணர் ஊர். சொந்தமா நிலமும் வீடும் வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். ஏரியில மண்ணு சுமந்தவன் பெயர் அந்தக் குடத்துக்குள்ள போயிருக்காது.)

அப்புறம் சோழர் கதையோட முடிவும் நம்ம வட்டாரத்துலதான். 1231 வாக்குல மூன்றாம் ராஜராஜனை அவனுக்குக் கீழே இருந்த கோப்பெருஞ்சிங்கனே பிடிச்சு சேந்தமங்கலத்துல அடைச்சு வெச்சுட்டான். ஹொய்சளர் படை வந்துதான் விடுவிச்சுது. கடலூர் பக்கத்துல திருவேந்திபுரம் கோயில் கல்வெட்டு இதைச் சொல்லுது. கடாரத்து ராஜாவைப் பிடிச்ச வம்சம், ரெண்டு நூற்றாண்டு கழிச்சு, பழைய தென்னாற்காட்டுக்குள்ளயே கைதி!

தலைநகரம் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு என்ன ஆச்சு? 1836ல கொள்ளிடத்துல கீழணை கட்டினப்போ, அந்தப் பெரிய கோயிலோட மதில் கல்லை எல்லாம் பெயர்த்துக்கிட்டுப் போய் அணையில வெச்சுக் கட்டிட்டாங்க. முதல் தடவை இதைப் படிச்சப்போ வயிறு எரிஞ்சது, இப்பவும் எரியுது. ஆனா ஏரிக்கரையில நின்னப்போதான் இன்னொண்ணு உறைச்சது. அந்தக் கீழணையில தேங்குற தண்ணிதான் வடவாறு வழியா வீராணத்துக்கு வருது. ராஜேந்திரனோட மதில் கல்லு நிறுத்துற தண்ணி, அவன் கொள்ளுத்தாத்தாவோட அப்பா வெட்டின ஏரியை நிரப்புது.

ஏரி நிரம்பினா கிட்டத்தட்ட 45 ஆயிரம் ஏக்கர் நனையுது. 2004லேர்ந்து எங்க சேத்தியாத்தோப்புலேர்ந்து குழாய் போட்டு, வடக்குத்துல சுத்திகரிச்சு, 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற சென்னைக்கு ஒரு நாளைக்கு 18 கோடி லிட்டர் வரைக்கும் அனுப்புற ஏற்பாடு இருக்கு. அந்தக் கேன்டீன் சண்டையில நாலு பேரும் மாத்தி மாத்தித் தொண்டை கிழியக் கத்திட்டுத் தண்ணி குடிச்சோமே, அதுல கொஞ்சம் பராந்தகன் ஏரித் தண்ணியா இருக்கலாம். பராந்தகனுக்கு மதுரை நிலைக்கலை, ஈழம் நிலைக்கலை. அவன் ஏரி, அவன் பெயரையே கேட்டிருக்காத பாட்னாக்காரருக்கும் தார்வாட்காரருக்கும் தண்ணி கொடுக்குது. ராஜ்ஜியத்தோட எல்லைன்னா இதைத்தான் சொல்லணும்னு எனக்குத் தோணுச்சு.

ஆனா இதோட முடிச்சா நானும் பழைய டயலாக்கைத்தான் வேற கலர்ல அடிச்சதா ஆயிடும். ஏரியோட இன்னிக்கு நிலைமை அவ்வளவு அழகு இல்லை. முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி, 47.5 அடின்னு கணக்கு. வண்டல் படிஞ்சு படிஞ்சு ஏரி மேடாகிட்டே வருது. மழைக் காலத்துல உபரியைத் திறந்தா கீழே இருக்கிற கிராமத்துல பயிர் முழுகுது. கோடையில குடிதண்ணியா, நாத்தங்காலான்னு எங்க ஊர்லயே ரெண்டு கட்சி. நான் சென்னையில குழாயைத் திறக்கிறவன், அப்பா கடைமடையில காத்திருக்கிறவர். ஒரே வீட்டுல ரெண்டு பக்கமும் இருக்கோம்.

கடாரம் யாருக்குச் சொந்தம்னு எவ்வளவு சத்தம் போட்டாலும் இன்னிக்கு ஒரு கைப்பிடி மண்ணு கூட நகராது. வீராணத்துல ஒரு லோடு வண்டலை எடுத்தா ஒரு லோடு தண்ணி கூட நிக்கும். பராந்தகன் வாரிசுன்னு மார் தட்டிக்கிற எல்லாரும் மதுரை கொண்ட பட்டத்துக்கு வாரிசா, இல்லை ஏரி வாரியத்துக்கு வாரிசான்னு ஒரு தடவை யோசிச்சுப் பார்க்கலாம். எனக்குச் சொல்றேன், முதல்ல.

லஸ்கரைப் பார்த்தேன். தண்ணி இன்னும் ரெண்டு நாள்ல கடைமடைக்கு எட்டிடும்னார். அப்பாகிட்ட சொன்னேன். "ம்"னார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம்னு எங்க பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளைங்களுக்குத் தெரியும்.

திங்கக்கிழமை தார்வாட்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த லீவுல ஹொட்டூர்க் கல்வெட்டைக் காட்டுறேன்னிருக்கார். பதிலுக்கு நான் வீராணத்தைக் காட்டணும். ஏரி நிரம்பி இருக்கணும், அவ்வளவுதான் என் கவலை.